பெடல் ஸ்டீல் கிட்டார்: முழங்காலுக்கு வேலை வந்தது எப்படி? – கேள்வி பதில்

பெடல் ஸ்டீல் கிட்டாரில் முழங்கால் லீவரைக் கண்டுபிடித்தவர் யார்?

பெடல் ஸ்டீல் என்பது வாசிப்பவரின் முன்னால் படுக்கைவாட்டில் நிற்கும் கிட்டார்; ஓர் உலோகக் கட்டையைத் தந்திகளின் மேல் வழுக்கி வாசிப்பார்கள், பெடலை மிதித்துச் சில தந்திகளின் சுருதியை மட்டும் மாற்றுவார்கள். அதே வேலையை முழங்காலால் தள்ளிச் செய்வதுதான் முழங்கால் லீவர். அதற்கு ஒரே ஒரு பெயர்தான் வேண்டும் என்றால் ஸேன் பெக். 1950-களிலேயே தன் வாத்தியத்தில் லீவர்களைப் பொருத்தியவர் என்று ஸ்டீல் வாசிப்பவர்கள் அவரைத்தான் சொல்வார்கள். பிறகு இசட்பி என்ற பெயரில் அவர் கிட்டார்களும் செய்தார்.

ஆனால் 'முதல்' என்ற சொல்லை இந்த வாத்தியத்தில் நான் எளிதில் நம்புவதில்லை. பெடலையே எடுத்துக்கொள்ளுங்கள். கிப்சன் நிறுவனத்தின் எலக்ட்ராஹார்ப் என்ற பெடல் வைத்த ஸ்டீல் 1940-ஐ ஒட்டி வந்துவிட்டது. இண்டியானாபொலிஸில் ஹார்லின் சகோதரர்கள் மல்டிகார்டு என்ற இன்னொன்றைச் செய்தார்கள். கலிபோர்னியாவில் பால் பிக்ஸ்பி 1948-இல் ஸ்டீல் கலைஞர் ஸ்பீடி வெஸ்டுக்கு ஒன்றைச் செய்துகொடுத்தார். அப்படியிருந்தும் பெடல் ஸ்டீலின் வரலாறு 1954-இல் தொடங்கியதுபோலத்தான் பலரும் பேசுகிறார்கள். அந்த ஆண்டு வெப் பியர்ஸ் பாடி வெற்றிபெற்ற 'ஸ்லோலி' பாட்டில் பட் ஐசக்ஸ், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். அதுவரை பெரும்பாலோர் ஒரு கார்டிலிருந்து (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) இன்னொன்றுக்கு மாறுவதற்கே பெடலைப் பயன்படுத்திவந்தார்கள். சுருதி ஏறுவதையே ரசிகர்கள் கேட்கும்படி செய்தவர் ஐசக்ஸ். காப்புரிமை வாங்கியவர் ஒருவர், மேடையில் வாசித்தவர் இன்னொருவர், ஊரே பின்பற்றும்படி செய்தவர் வேறொருவர். லீவர் விஷயத்திலும் இப்படித்தான். கிட்டாருக்கு அடியில் ஒரு கம்பியையும் சுருள்வில்லையும் சேர்க்கத் தெரிந்த வாத்தியக்காரர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர் இருந்தார்கள்.

பெடல் இருக்கும்போது முழங்காலை ஏன் இழுத்தார்கள்? இன்னும் இரண்டு பெடல் சேர்த்தால் போதாதா?

லீவர் பிறந்த காரணமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வாசிப்பவரின் கால்களைப் பாருங்கள். வலது பாதம் வால்யூம் பெடலின் மேலேயே இருக்கும்; தந்தியை மீட்டியபின் ஒலி தேய்ந்துவிடாமல் அதை மெல்ல அழுத்திக்கொண்டே போகவேண்டும். அந்தப் பாதத்தை எடுத்தால் ஸ்டீலின் நீண்ட அழுகுரலே போய்விடும். எனவே சுருதி மாற்றும் பெடல்கள் அத்தனையும் இடது பாதத்துக்குத்தான்.

ஒரு பாதத்தால் அடுத்தடுத்த இரண்டு பெடல்களைச் சேர்த்து மிதிக்கலாம். ஒன்றைவிட்டு ஒன்றை மிதிக்க முடியாது. ஐசக்ஸின் பெடல் இரண்டு சுரங்களைச் சேர்த்தே ஏற்றியது. பட்டி எம்மன்ஸ், ஜிம்மி டே என்ற ஸ்டீல் கலைஞர்கள் அந்த மாற்றத்தை இரண்டு பெடல்களாகப் பிரித்தார்கள் (மேற்கத்திய சுரப் பெயர்களில் சொன்னால்): பி தந்திகளை சி ஷார்ப்புக்கு ஏற்றுவது ஒன்று, ஜி ஷார்ப் தந்திகளை ஏ-க்கு ஏற்றுவது இன்னொன்று. இப்போது இடது பாதத்துக்குக் கைநிறைய வேலை. அந்தப் பாதம் பெடலில் ஊன்றியிருக்கும்போதே, அதற்கு இடைஞ்சல் இல்லாமல் தனியாக அசையக்கூடியது முழங்கால்தான். இடப்பக்கம், வலப்பக்கம், சில வாத்தியங்களில் மேல்நோக்கி என இடது முழங்காலுக்கு மூன்று திசை. வலது முழங்காலுக்கு வழக்கமாக இரண்டு. பாதத்தை நகர்த்தாமலேயே ஐந்து மாற்றங்கள் கிடைத்துவிட்டன.

லீவர் சரியாக என்ன செய்கிறது? இசைக் கோட்பாடு அதிகம் தெரியாதவனுக்குப் புரியும்படி சொல்லவும்.

இ9 என்ற சுருதி அமைப்பை வைத்துச் சொல்கிறேன். அமெரிக்காவின் கன்ட்ரி இசையில் நீங்கள் கேட்கும் ஸ்டீல் பெரும்பாலும் இதுதான். ஸ்டீல் கட்டையை எங்கும் வைக்காமல் தந்திகளை அப்படியே மீட்டுகிறீர்கள். பெடல் எதையும் தொடவில்லை என்றால் இ மேஜர் கார்டு. இரண்டு பெடல்களையும் மிதித்தால் ஏ மேஜர். இடது முழங்காலால் இ தந்திகளை அரைச் சுரம் ஏற்றி, பி-யை ஏற்றும் பெடலை மட்டும் மிதித்தால் சி ஷார்ப் மேஜர். அதே லீவரையும் பெடலையும் பிடித்தபடி கட்டையை மூன்றாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறித்த கோட்டில்) வையுங்கள், மறுபடி இ மேஜர். லீவரை விட்டு, இரண்டு பெடல்களையும் மிதித்து ஏழாவது ஃப்ரெட்டுக்குப் போனாலும் இ மேஜர்தான். கழுத்து நெடுக ஒரே கார்டுக்கு மூன்று வாசல். பாடகர் நீட்டும் வரிக்குப் பின்னால் ஸ்டீல்காரர் வழுக்கிக்கொண்டே ஏறுவது இந்த வாசல்கள் வழியாகத்தான்.

இன்னொரு லீவர் அதே இ தந்திகளை டி ஷார்ப்புக்கு இறக்கும். வேறெதையும் தொடாவிட்டால் ஜி ஷார்ப் மைனர் கேட்கும்.

என் பழைய ஃபெண்டர் 1000-இல் முழங்கால் லீவரே இல்லை. யாரோ கழற்றிவிட்டார்களா?

இல்லை. 1957-இல் வந்த அந்த மாடல் கேபிளில் இயங்கும் பெடல்களோடு மட்டுமே விற்கப்பட்டது. ஸ்டீல் கலைஞர் ரால்ஃப் மூனி அதை வைத்துக்கொண்டே பேர் வாங்கினார். லீவர் பொருத்துகிறேன் என்று ஒரு நல்ல பழம்பொருளில் துளை போடாதீர்கள்.

மோட்சார்ட் காலத்துப் பியானோவிலும் முழங்கால் லீவர் இருந்ததாமே?

இருந்தது. 1777 அக்டோபரில் ஆக்ஸ்பர்க்கிலிருந்து தந்தைக்கு எழுதிய கடிதத்தில், ஷ்டைன் செய்த பியானோக்களில் முழங்காலால் அழுத்தும் கருவி மற்றவர்களுடையதைவிடச் சிறப்பாக இருக்கிறது, லேசாகத் தொட்டாலே வேலை செய்கிறது என்று மோட்சார்ட் மெச்சுகிறார். தந்திகளின் மேலிருந்து அடக்கிகளைத் தூக்குவது அதன் வேலை. பின்னர் பியானோவில் பாதப் பெடல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தேவாலயங்களிலும் வீடுகளிலும் இருந்த ரீட் ஆர்கனில், காற்றடிக்கப் பாதங்கள் இரண்டும் போய்விட்டதால் ஒலியளவுக்கு முழங்காலே மிஞ்சியது. இவற்றிலிருந்துதான் ஸ்டீல் லீவர் வந்தது என்று வம்சாவளி வரைய நான் தயாரில்லை. கையும் பாதமும் தீர்ந்துபோன இடத்தில் கைவினைஞர்கள் முழங்காலைத் தேடியிருக்கிறார்கள், அவ்வளவே.

நம் சித்ரவீணையும் தந்தியில் கட்டையை வழுக்கி வாசிப்பதுதானே? அதற்கு ஏன் லீவர் தேவைப்படவில்லை?

அங்கே ஒரு நேரத்தில் ஒரு சுரம் பாடினால் போதும். கட்டை எங்கே போகிறதோ அங்கே கமகமும் போகும். மூன்று தந்திகள் சேர்ந்து ஒலிக்கும்போது ஒன்று மட்டும் ஏறவேண்டும், மற்ற இரண்டும் அசையக்கூடாது என்ற நிலை வந்தால்தான் நேரான கட்டை தோற்கிறது. ஹவாய் முறையில் கட்டையைச் சாய்த்துச் சமாளித்தார்கள். சில கார்டுகளுக்கு அது போதும், பலவற்றுக்குப் போதாது.

எம்மன்ஸ் அமைப்பு, டே அமைப்பு: புதிதாகக் கற்பவன் எதை எடுப்பது?

உங்கள் ஆசிரியர் எதில் வாசிக்கிறாரோ அதை. ஆசிரியர் இல்லையென்றால் எம்மன்ஸ். கிட்டார்களும் பாடங்களும் அதில்தான் அதிகம். ஆனால் லீவர்களை இஷ்டத்துக்கு மாற்றிப் போடாதீர்கள். எம்மன்ஸ் அமைப்பில் பி-யை ஏற்றும் பெடல் இடது ஓரத்தில் இருக்கிறது. அதோடு சேர்த்துப் பிடிக்கவேண்டிய இ-யை ஏற்றும் லீவரும் முழங்காலுக்கு இடப்பக்கம்தான். பாதம் சாயும் பக்கமே முழங்காலும் சாய்கிறது. டே அமைப்பில் பெடல் வரிசை தலைகீழ், ஆகவே அந்த லீவரும் வலப்பக்கம் போய்விடும். இதைக் கவனிக்காமல் பெடலை மட்டும் மாற்றிய கிட்டாரை வாங்கினால், பாதம் ஒரு பக்கமும் முழங்கால் மறுபக்கமும் இழுக்க, ஒரு பாட்டு முடிவதற்குள் இடுப்பு வலிக்கும். வாங்குவதற்கு முன் உட்கார்ந்து, இந்த இரண்டையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள்.