செவிலியம் படித்த மகள் ஆராய்ச்சிக்குப் போகலாமா?

அன்புள்ள அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்தியது. "டாக்டர் சொல்வதைச் செய்வதுதானே நர்ஸ் வேலை, அதில் என்ன ஆராய்ச்சி என்று உறவினர்கள் கேட்கிறார்கள்." பி.எஸ்சி. நர்சிங் இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள் பக்கவாத நோயாளிகளின் பராமரிப்பில் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறாள். அந்த விருப்பம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. உறவினர்களிடம் நீங்கள் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் சாண்டி மிடில்டன் என்றொரு செவிலியப் பேராசிரியர். பக்கவாத நோயாளியின் காய்ச்சல், ரத்தச் சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகிய மூன்றையும் முதல் மூன்று நாள்கள் செவிலியர்களே விடாமல் கவனித்தால் என்ன ஆகும் என்பதுதான் அவரது குழுவின் கேள்வி. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பநிலை பார்த்தார்கள், 37.5 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால். சர்க்கரை மிகவும் ஏறினால் இன்சுலின். விழுங்க முடிகிறதா என்று சோதிக்கும்வரை வாய்வழியாக எதுவும் கிடையாது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. 90 நாள் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்தவர்களுமாகச் சேர்த்து, வழக்கமான பராமரிப்பில் 58 விழுக்காடு. இந்த முறையில் 42. புது மருந்தும் இல்லை, புதுக் கருவியும் இல்லை.

நம் ஊரில் ஒருவர் மயங்கிச் சாய்ந்தால் முதலில் வாயில் தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம். பக்கவாதத்தில் அது மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில் முடியலாம். மருத்துவமனைக் கட்டிலருகே அந்த டம்ளரைத் தடுக்கும் கை பெரும்பாலும் செவிலியருடையது.

படுக்கையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்துவதா உயர்த்துவதா என்பதைக்கூட இந்தியா, இலங்கை உட்பட 9 நாடுகளில் 11,000க்கும் மேற்பட்ட பக்கவாத நோயாளிகளிடம் ஆராய்ந்திருக்கிறார்கள். நோயாளி குணமாவதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்று 2017இல் தெரிந்தது.

ஆனால் படிப்பு முடிந்த கையோடு பிஎச்.டி. என்று அவளை ஓட விடாதீர்கள். எம்.எஸ்சி. சேரவே ஓராண்டுப் பணி அனுபவம் தேவை. நான் நரம்பியல் ஐசியுவில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கச் சொல்வேன். இரவு இரண்டு மணிக்கு டார்ச் அடித்து, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் விரிந்திருப்பதைக் கண்டு டாக்டரை எழுப்பியவளுக்குத்தான் ஆராய்ச்சிக்கான கேள்வி தானாக வரும். பிறகு எம்.எஸ்சி.யில் மெடிக்கல் சர்ஜிக்கல் நர்சிங் எடுத்து, அதற்குள் நரம்பியல் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் நரம்பியல் செவிலியத்துக்கெனப் பட்டயப் படிப்பு உண்டு. பெங்களூருவின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் செவிலியத்தில் பிஎச்.டி. செய்யலாம்.

எனக்குக் கவலை தருவது இதற்குப் பிந்தைய கட்டம். நம் நாட்டில் எம்.எஸ்சி. முடித்த பலர் கல்லூரி ஆசிரியைகளாகி, நோயாளியை விட்டு விலகிவிடுகிறார்கள். வார்டை விட்ட பிறகு பக்கவாத ஆராய்ச்சி ஏது? வேலூர் சிஎம்சியில் பாடம் நடத்துபவர்களே வார்டுப் பொறுப்பும் ஏற்கும் முறை நெடுங்காலமாக இருக்கிறது. வேலைக்குச் சேரும் எந்த இடத்திலும் "ஆசிரியைக்கு வார்டில் பொறுப்பு உண்டா?" என்று அவள் கேட்க வேண்டும், சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே கேட்கட்டும்.

சம்பளம் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தனியார் மருத்துவமனைகளில் முதல் சில ஆண்டுகள் கைக்கு வருவது குறைவாகவே இருக்கும். கல்விக்கடன் அழுத்தினால், எய்ம்ஸ் பணிகளுக்கான நார்செட் தேர்வையும் தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) நடத்தும் தேர்வையும் எழுதட்டும். அங்கே கிடைப்பதும் வார்டு அனுபவம்தான். திருமணப் பேச்சு வந்தால், இரவுப் பணியையும் மேல்படிப்பையும் மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இறுதியாண்டில் அவளுக்கு ஓர் ஆய்வுத் திட்டம் இருக்கும். பயிற்சி மருத்துவமனையில் பக்கவாதத்துடன் சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு, முதல் உணவு கொடுக்கும் முன் விழுங்கும் சோதனை நடந்தது? உரிய அனுமதி பெற்று, கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி அதை எண்ணச் சொல்லுங்கள். எண்ணிய பிறகு எனக்கு எழுதட்டும், அடுத்ததை அவளிடமே பேசுகிறேன்.