கொடைக்கானல் வெயிலும் 280 நானோமீட்டரும்

அன்புள்ள ஐயா,

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு மாணவர்களைக் கூட்டிப்போனேன். நிறமாலைக் கோடு பிளவுபடுவதை வைத்துச் சூரியப்புள்ளியின் காந்தப்புலத்தை அளக்கலாம் என்றார்கள். சூரியனின் மேலடுக்குகளில் காந்தப்புலத்தை அளக்கப் புற ஊதா வேண்டும், அதற்கு ராக்கெட் வேண்டும் என்கிறார்களே. 2,300 மீட்டர் உயரத்தில் அரை நாள் வெயிலுக்கே எங்களுக்கு மூக்கு உரிகிறது. இங்கேயே அளக்கக் கூடாதா?

மாலதி, நாயுடுபுரம்

அன்புள்ள மாலதி,

மூக்கை உரிக்கிற புற ஊதா வேறு. தரைக்கு வந்து சேர்வது ஏறக்குறைய 300 நானோமீட்டருக்கு மேற்பட்டதுதான். நமக்கு வேண்டிய மெக்னீசியம் கோடுகள் 279.6, 280.3. அவற்றை விழுங்கும் ஓசோன் பெரும்பாலும் 20, 30 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கொடைக்கானலும் ஒன்றுதான், மலையடிவாரத்து வத்தலக்குண்டும் ஒன்றுதான்.

மேலே போய்விட்டாலும் வேலை சுலபமில்லை. பிளவின் அளவு அலைநீளத்தின் வர்க்கத்தோடு ஏறும். தரையில் வழக்கமாகப் பார்க்கும் 630.2 இரும்புக் கோடு 300 காஸ் (காந்தப்புலத்தின் அலகு) புலத்தில் சுமார் 0.0014 நானோமீட்டர் விலகும், 280.3 கோடு 0.00015 தான். சூரியப் பரப்புக்கு மேலுள்ள அடுக்கான நிறமண்டலத்தின் உச்சியில் உருவாகும் அந்தக் கோடோ மிக அகலமானது. பிளவு கண்ணுக்கே தெரியாது. ஒளியின் அதிர்வு ஓர் ஒழுங்குக்குள் வருவதைத் தளவிளைவு என்பார்கள். கோட்டின் இரு ஓரங்களிலும் எதிரெதிர்த் திசையில் சுழலும் வட்டத் தளவிளைவு மட்டும் மெல்லத் தெரியும். 0.1 சதவீதத் துல்லியம் வேண்டுமானால் பத்து லட்சம் ஃபோட்டான்களாவது (ஒளித்துகள்கள்) சேர வேண்டும். புற ஊதாவில் அதற்குத்தான் பஞ்சம்.

2019 ஏப்ரல் 11 அன்று பறந்த கிளாஸ்ப்-2 ராக்கெட், சூரியப்புள்ளிக்குப் பக்கத்துப் பிரகாசத் திட்டை இரண்டரை நிமிடம்போலத்தான் பார்த்தது. தளவிளைவை மாற்றும் அலைத்தகட்டைச் சுழற்றியபடி, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு தளங்களில் அதிரும் ஒளியையும் இரண்டு கேமராக்களில் ஒரே நேரத்தில் பிடித்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தால், நடுவில் ராக்கெட் இம்மி அசைந்தாலும் அந்தப் பிரகாச வேறுபாடு தளவிளைவாக வேஷம் போடும். நிறமண்டல உச்சியில் 300 காஸுக்கு மேல் கிடைத்தது.

பலவீனமான புலத்துக்கு ஹான்லே விளைவு: சிதறலால் வரும் தளவிளைவைக் காந்தப்புலம் குறைக்கும், திருப்பும். 2015இல் முதல் கிளாஸ்ப் 121.6 நானோமீட்டரில் உள்ள லைமன்-ஆல்ஃபா என்ற ஹைட்ரஜன் கோட்டில் இதைத் தேடியது. தளவிளைவு குறைந்தது புலத்தாலா, ஒளி சிதறும் இடத்தின் வடிவத்தாலா என்று பிரிக்க, புலத்துக்கு அவ்வளவாக மசியாத 120.6 சிலிக்கான் கோட்டையும் கூடவே பார்த்தார்கள்.

வகுப்பில் 280ஐக் காட்ட வழியில்லை. சாதாரணக் கண்ணாடியே அதை நிறுத்திவிடும். சிதறல் தளவிளைவைக் காட்டலாம். ஜனவரிக் காலையில், சூரியனுக்கு 90 பாகை தள்ளிய நீலவானத்தைப் போலராய்டு தாள் வழியே பார்த்து, தாளைத் திருப்பச் சொல்லுங்கள்: வானம் இருண்டு வெளுக்கும். கோக்கர்ஸ் வாக் பக்கம் மஞ்சு ஏறிவிட்டால் ஒளி பலமுறை சிதறி விளைவு மங்கிவிடும், அதற்குள் முடித்துவிடுங்கள். அந்தத் தாளோடு சூரியனை நேராகப் பார்க்க மட்டும் யாரையும் விடாதீர்கள்.