கிஸ்தி, கஞ்சி, காபி: சேலத்து வெள்ளையர் காலம் பற்றிய கேள்வி பதில்

சேலம் ஜில்லாவில் ஆங்கிலேயர் ஆட்சி எப்படி இருந்தது என்று நண்பர்கள் பலர் கேட்டு எழுதியிருந்தார்கள். பள்ளியில் வரலாறு நடத்தியவன் என்ற உரிமையில், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (ஓமலூர், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி): ஐயா, சேலம் எப்போது ஆங்கிலேயர் கைக்குப் போனது? வந்ததும் முதலில் என்ன செய்தார்கள்?

பதில்: 1792, அம்மா. மூன்றாம் மைசூர் போரில் தோற்ற திப்பு சுல்தான், ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் தன் ராஜ்யத்தில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. அதில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த பகுதிகளில் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்) சேலமும் அடக்கம். முதல் கலெக்டராக வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட், ஒரு ராணுவ அதிகாரி. அவருக்கு உதவியாக வந்த இளம் அதிகாரிகளில் ஒருவர்தான் பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ.

முதலில் செய்த வேலை நிலத்தை அளந்ததுதான். எந்த வயல் யாருடையது, எவ்வளவு விளையும், எவ்வளவு வரி போடலாம் என்று வயல் வயலாக எழுதினார்கள். நடுவில் ஜமீன்தார் இல்லாமல் குடியானவரிடமே நேராகக் கிஸ்தி, அதாவது நில வரி, வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவானது. ஏழை விவசாயியைக் காக்க வந்த சீர்திருத்தம் என்று சில கைடுகளில் எழுதியிருக்கும், அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். வரி கடுமையாக இருந்தது. பிறகு பெல்லாரி, கடப்பைப் பக்கம் கலெக்டராக இருந்த மன்றோவே, அங்கே இதே முறையில் போட்ட வரியைக் கால் பங்கு குறைக்க வேண்டும் என்று 1807ல் மேலிடத்துக்கு எழுதினார். இடையில் 1802 சட்டப்படி ஜில்லாவை மிட்டாக்களாக, அதாவது சின்னச் சின்ன ஜமீன்களாக, பிரித்து ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்த பலரால் பணம் கட்ட முடியவில்லை. பல மிட்டாக்கள் சர்க்காரிடமே திரும்பின. மிச்சமிருந்தவை 1948 ஒழிப்புச் சட்டம் வரை நீடித்தன.

இந்த ஏற்பாட்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஜமாபந்தி என்ற வருடாந்தரக் கிராமக் கணக்குத் தணிக்கை நடக்கும் நாளில் தாலுகா ஆபீசுக்குப் போங்கள். துணி விரித்த மேஜை, அடுக்கிய கிராமக் கணக்குகள், மனுவோடு வரிசையில் நிற்கும் ஜனம். பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980ல் எடுத்துவிட்டார்கள். ஆனால் பட்டாவில் பெயர் மாற்ற இன்றைக்கும் நாம்தான் அலைகிறோம்.

கேள்வி (சங்ககிரி): அப்போது யாரும் எதிர்க்கவே இல்லையா சார்?

பதில்: உங்கள் ஊர்க் கோட்டையிலேயே பதில் இருக்கிறது. கம்பெனிப் படையோடு பலமுறை மோதிய தீரன் சின்னமலையை 1805 ஜூலை 31 அன்று அங்கேதான் தூக்கிலிட்டார்கள்.

கேள்வி (அம்மாப்பேட்டை, கைத்தறி நெசவாளர்): அண்ணா, வெள்ளைக்காரன் நெசவாளர்களின் கட்டை விரலை வெட்டினான் என்று எங்கள் தாத்தா சொல்வார். உண்மையா?

பதில்: அந்தப் பேச்சின் மூலம் வங்காளம், தம்பி. கம்பெனியில் வேலை பார்த்து விலகிய வில்லியம் போல்ட்ஸ் 1772ல் எழுதியது: கம்பெனியின் கட்டாய வேலையிலிருந்து தப்பிக்க, பட்டு நூல் சுற்றுபவர்கள் தங்கள் கட்டை விரலைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் வெட்டினான் என்பது பிறகு மாறி வந்த கதை. தானே வெட்டிக்கொள்ளும் நிலைக்கு ஒருவனைத் தள்ளுவது எனக்கு அதைவிடக் கொடுமையாகப் படுகிறது.

நம் பக்கம் விரலுக்கு வேலை இருந்தது, கூலிதான் தேய்ந்தது. முன்பணம் கொடுத்து, தான் வைத்த விலைக்குத் தனக்கே நெய்ய வைத்தது கம்பெனி. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லங்காஷயர் மில் துணி வந்து குவிந்ததும் கம்பெனி செய்த துணி ஏற்றுமதியும் போயிற்று. மில்லில் சரியாக வராத சேலையையும் வேட்டியையும் பிடித்துக்கொண்டுதான் தறிகள் பிழைத்தன.

கேள்வி (இரும்பாலை குடியிருப்பு): கஞ்சமலை இரும்பைப் பிரிட்டிஷ்காரர்கள் கொண்டு போனார்களாமே?

பதில்: கொண்டு போக முயன்றார்கள். ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கம்பெனி அதிகாரி வேலையை விட்டு, சேலத்துத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் 1830 வாக்கில் பெரிய இரும்பு ஆலை வைத்தார். அரசு கடனும் கொடுத்தது. ஆனால் உலைக்கு நிலக்கரி கிடையாது, மரக்கரிதான். சுற்று வட்டாரக் காடு கரியாகிக்கொண்டே போனது, கணக்கு மட்டும் கட்டவில்லை. 1860களில் எல்லாம் முடிந்தது. ஹீத் இங்கிலாந்து போய், எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் சம்பாதித்தார்கள், அவர் வழக்கு நடத்தியே ஓய்ந்தார்.

ஹீத்தைப் பற்றி எழுத ஆள் உண்டு. கஞ்சமலை அடிவாரத்தில் ஆளுயர மண் உலை கட்டி, தோல் துருத்தி ஊதி இரும்பு காய்ச்சிய குடும்பங்களைப் பற்றித்தான் எழுத ஆள் இல்லை. மலிவான சீமை இரும்பு வந்தது, கரிக்கு மரம் வெட்டக் காட்டு இலாகா கட்டுப்பாடு வந்தது. உலைகள் அணைந்தன. நீங்கள் வேலை பார்க்கும் ஆலை அதே மலையடியில் 1981ல் ஓடத் தொடங்கியது, ஆனால் அதற்கும் கஞ்சமலைத் தாது போவதில்லை.

கேள்வி (ஏற்காடு): ஏற்காட்டைக் கண்டுபிடித்ததே காக்பர்ன் துரைதான் என்று சுற்றுலா வருபவர்களிடம் சொல்கிறார்கள். சரியா?

பதில்: சரியில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியும் பேரிக்காயும் கொண்டுவந்தார், அது உண்மை. ஆனால் சுமார் 5,300 அடி உயரத்தில், குனிந்து நுழையும் குகைக்குள் இருக்கும் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் அதற்கு முன்பே யார் கும்பிட்டார்கள்? மலையாளி என்று பெயர் கொண்ட இந்த மலைப் பழங்குடி மக்கள்தான். காபித் தோட்டமும் பிறகு 1882 மதராஸ் வனச் சட்டத்தின் ரிசர்வ் (காப்புக்காடு) எல்லைக் கல்லும் வந்தபின், அவர்கள் தலைமுறையாகக் கொத்தி விதைத்த காட்டிலேயே அத்துமீறியவர்கள் ஆனார்கள். 2006ல் வன உரிமைச் சட்டம் வந்த பிறகும் அந்தக் கல்லைக் காட்டித்தான் வழக்கு நடக்கிறது.

கேள்வி (தாரமங்கலம்): தாது வருடப் பஞ்சம் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது இயற்கைச் சீற்றம்தானே? அதற்கு ஆட்சியை எப்படிக் குறை சொல்வது?

பதில்: 1876ல் மழை பொய்த்தது இயற்கை. அதன் பிறகு நடந்தது ஆட்சி.

1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்துப் பெரிய தர்பார் நடத்தினார் வைஸ்ராய் லிட்டன். அதே மாதம், நிவாரணச் செலவைக் குறைக்க ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைச் சென்னைக்கு அனுப்பினார். இந்த டெம்பிள்தான் 1874 பீகார் பஞ்சத்தில் தாராளமாகத் தானியம் இறக்கி உயிர்களைக் காத்தவர். அதற்காக வீண் செலவாளி என்று திட்டு வாங்கியவரும் அவரே. அந்தப் பெயரை இங்கே துடைக்கப் பார்த்தார். கல் உடைக்கவும் மண் சுமக்கவும் வந்த ஆம்பளைக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும் என்று வெட்டினார். ஒரு பவுண்டு என்றால் ஏறக்குறைய 450 கிராம். நாள் முழுக்க வெயிலில் சம்மட்டி அடிப்பவனுக்கு அதுதான் சாப்பாடு. சென்னை சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்த அளவில் ஆட்கள் மெலிந்து சாவார்கள் என்று எதிர்த்து எழுதினார். சில மாதம் கழித்தே கூலி உயர்ந்தது.

சேலத்தில் அப்போது ரயில் இருந்தது. தானியமும் வந்தது. வாங்கக் கையில் காசில்லை. விலையில் தலையிடக் கூடாது என்பது அரசின் கொள்கை, தானிய ஏற்றுமதியும் நிற்கவில்லை.

1871 கணக்கெடுப்பில் அன்றைய சேலம் ஜில்லாவில் சுமார் 19.67 லட்சம் பேர். 1881ல் சுமார் 16 லட்சம். பசி, காலரா, காய்ச்சல், ஊரை விட்டுப் போனது எல்லாம் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கு ஜனத்தைக் காணோம். உங்கள் பாட்டிக்கு அவர் பாட்டி சொன்ன கதை இது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள்.

கேள்வி (மேட்டூர்): ரயிலும் டேமும் அவர்கள் தந்ததுதானே? நன்றி சொல்ல வேண்டாமா?

பதில்: யார் காசு என்று பாருங்கள். 1861ல் சேலம் வந்த ரயிலைப் போட்ட லண்டன் கம்பெனிக்கு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும் 5 சதவீத வட்டிக்கு இந்திய வரிப்பணம் உத்தரவாதம்.

மேட்டூர் அணை நல்ல அணை, மறுக்கவில்லை. 1925ல் தொடங்கி 1934ல் முடித்தார்கள். முக்கியமாகத் தஞ்சாவூர் வயலுக்காகக் கட்டியது. நீர் வற்றும்போது பண்ணவாடியில் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிகின்றனவே, அந்த ஊர் ஜனம் வீடு வாசலை விட்டார்கள். அணைக்கு வழிவிட்ட 1924 ஒப்பந்தம் சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் இடையில் போட்டது. அதன் வாசகத்தை வைத்துக்கொண்டு தமிழ்நாடும் கர்நாடகமும் பல காலம் சண்டை போட்டன. நன்றி சொல்வதானால் வரி கட்டியவருக்கும், கல் சுமந்தவருக்கும், ஊரை இழந்தவருக்கும் சொல்லுங்கள்.

கேள்வி (சேலம், கல்லூரி மாணவர்): விடுதலைப் போராட்டத்தில் சேலத்தின் பங்கு?

பதில்: 1882 சேலம் கலவர வழக்கில் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் விடுதலையான வக்கீல் விஜயராகவாச்சாரியார், 1920 நாக்பூர் காங்கிரசுக்குத் தலைவரானார். 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, 1937ல் மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கைச் சேலம் ஜில்லாவில்தான் தொடங்கினார். 1944ல் நீதிக்கட்சி இதே ஊரில் திராவிடர் கழகமானபோது, ஆங்கிலேயர் கொடுத்த பட்டங்களைத் துறக்கும் தீர்மானத்தை அண்ணா கொண்டுவந்தார். மூன்று பேர், மூன்று வழி. மூன்றையும் படியுங்கள்.

கேள்வி (ஆத்தூர்): 1947க்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டதா?

பதில்: 1950 பிப்ரவரி 11 அன்று, குடியரசாகி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது சுட்டதில் 22 பேர் செத்தார்கள். சுடச் சொன்னதும் நம்மவர், சுட்டதும் நம்மவர், சிறை விதி மட்டும் வெள்ளையன் எழுதியது. குற்றப் பரம்பரைச் சட்டமும் அப்படித்தான். 1911ல் சென்னை மாகாணத்துக்கு வந்து, கொறவர் போன்ற சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளி ஆக்கியது. 1947ல் இங்கே ரத்தானது. ஆனால் எங்கேயாவது திருட்டு நடந்தால் முதலில் அவர்கள் குடிசைக்கு ஜீப் போகும் பழக்கம் ரத்தாகவில்லை. எனக்கு இந்த விஷயத்தில் ஆறவே இல்லை.

கேள்வி (வாழப்பாடி): எங்கள் குடும்ப நிலத்தின் பழைய விவரம் தேட வேண்டும். எங்கே போவது?

பதில்: முதலில் தாலுகா ஆபீசில், சர்வே எண் வாரியாக நில விவரம் உள்ள அ-பதிவேடும் புல வரைபடமும் நகல் கேட்டு மனுக் கொடுங்கள். அப்புறம் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பழைய செட்டில்மென்ட் (நிலவரித் திட்டப்) பதிவேடுகளையும், ரீட் காலத்துப் பாராமகால் ஆவணங்களின் அச்சுப் பிரதியையும் அங்கே கேட்டுப் பாருங்கள். கிராமத்தின் பழைய பெயரையும் அன்றைய தாலுகாவையும் குறித்துக்கொண்டு போனால் தேடுவது சுலபம்.