வாசகர் கேள்வி – பதில்: வீட்டுக்குள் ஒரு மலை ரயில்

கேள்வி: எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் மலை ரயில் போவது தெரியும். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்காக அதைப் போன்ற ஒரு மாதிரியை ஆறடிக்கு மூன்றடிப் பலகையில் செய்ய விரும்புகிறேன். வெளிநாட்டு மாதிரி ரயில்களின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வீட்டிலும் பழைய சாமான் கடையிலும் கிடைப்பவற்றைக் கொண்டே செய்ய முடியுமா?
– குன்னூர் வாசகர்

பதில்: முடியும். ஆனால் மலை முழுவதையும் பலகையில் ஏற்றிவிடும் ஆசையை முதலில் விட்டுவிடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரையிலான 46 கிலோமீட்டர் பாதையை, மாதிரி ரயில்களில் பரவலாக வழங்கும் அளவான 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் அது அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளும். அந்தப் பாதை ஏறுகிற உயரமோ ஏழு மாடிக் கட்டடம் அளவுக்கு வந்து நிற்கும். 208 வளைவுகளும் 250 பாலங்களும் 16 குகைகளும் உள்ள பாதையிலிருந்து ஒரு வளைவு, ஒரு பாலம், ஒரு குகை வாய் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் உங்கள் பலகைக்குப் போதும்.

எந்த அளவில் சுருக்குவது என்பதை நாம் முடிவு செய்வதைவிட, கையில் கிடைக்கும் சக்கரங்களே முடிவு செய்யட்டும் என்பது என் கட்சி. மலை ரயில் மீட்டர் பாதையில் ஓடுகிறது. அதாவது தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர். உங்களிடம் உள்ள சக்கர ஜோடி எவ்வளவு அகலமான பாதையில் ஓடுமோ, அந்த மில்லிமீட்டர் கணக்கால் 1,000-ஐ வகுத்துவிடுங்கள். 9 மில்லிமீட்டர் என்றால் 111-இல் ஒரு பங்கு, 12 என்றால் 83-இல் ஒரு பங்கு, பரவலாகக் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 60-இல் ஒரு பங்கு. வீட்டில் செய்பவருக்கு இந்த 60 கணக்கு மிகவும் தோதானது. மனித உருவம் 27 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். எஞ்சினுக்குள் மின்கலம் வைக்க இடம் கிடைக்கும். கண்ணாடி போட்டவர்களும் சிரமமின்றி வேலை செய்யலாம்.

தண்டவாளத்துக்கு சைக்கிள் ஸ்போக் கம்பியைப் பயன்படுத்துங்கள். இரண்டு மில்லிமீட்டர் தடிமனும் ஓரடிக்குச் சற்றே குறைந்த நீளமும் உள்ள அந்தக் கம்பி இந்த அளவுக்கு அப்படியே பொருந்துகிறது. விரலால் அழுத்தினாலே சீராக வளைந்தும் கொடுக்கிறது. சைக்கிள் பழுது பார்க்கும் கடையில் கேட்டால் பழையதைச் சும்மாவே கொடுப்பார்கள். ஸ்லீப்பர் கட்டைகளுக்கு ஐஸ்கிரீம் குச்சியை நீளவாக்கில் மூன்றாகப் பிளந்து, 30 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் ஒரு குச்சியில் ஒன்பது கட்டைகள் கிடைக்கும். அவற்றைப் பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு ஒன்றாக ஒட்டி, ஸ்போக்கை இரு கலவைப் பசையால் அவற்றின் மேல் பதியுங்கள். ஒட்டும்போது இரு கம்பிகளுக்கும் இடையே 16.5 மில்லிமீட்டர் அகலமுள்ள கெட்டி அட்டைத் துண்டு ஒன்றை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். அதில் சோம்பல்பட்டால் வளைவில் ரயில் தடம் புரளும்.

இனி ஏற்றம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பாதை சுமார் 12 அடிக்கு ஓரடி வீதம் ஏறுகிறது. வழுவழுப்பான சக்கரம் அந்த ஏற்றத்தில் நின்ற இடத்திலேயே சுழலும் என்பதால்தான், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரட்டைச் சட்டங்களைப் பதித்தார்கள். ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வருமாறு அவை மாற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. எஞ்சினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் பிடி இழக்காமலிருக்க இது சுவிட்சர்லாந்தின் ஆப்ட் என்ற பொறியாளர் கண்ட வழி. நம் பலகையில் இதற்கு ஈடாகப் பிரிண்டரின் பல்பட்டையைப் பயன்படுத்தலாம். பழுதான பிரிண்டரைப் பிரித்தால், மை டப்பாவை இடமும் வலமும் இழுக்கும் ரப்பர் பட்டையும் அதன் பல்லுக்கே பொருந்திய சிறு கப்பியும் கிடைக்கும். ஒரு பிரிண்டரில் கிடைக்கும் பட்டை போதாது என்றால், 3டி பிரிண்டருக்கான 2 மில்லிமீட்டர் பல் இடைவெளி கொண்ட பட்டையை மின்னணுப் பொருள் கடைகளில் மீட்டர் கணக்கில் விற்கிறார்கள். பட்டையைப் பல் மேல்நோக்கி இருக்குமாறு நடுவில் ஒட்டி, எஞ்சினின் ஓர் அச்சில் கப்பியைப் பொருத்துங்கள். தட்டையாகக் கிடக்கும் பட்டையில் உருளுவதற்காகச் செய்யப்பட்ட கப்பி அல்ல அது. ஆனாலும் நம் ரயிலின் எடைக்குத் தாராளமாகத் தாங்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கப்பியும் ஓடும் சக்கரமும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டிருந்தால், இரண்டின் சுற்றளவும் சமமாக இல்லாத காரணத்தால் ஒன்று மற்றொன்றை இழுத்துத் திணறும். உண்மையான மலை எஞ்சினில் ஓடும் சக்கரங்களுக்குத் தனி சிலிண்டர்களும் பல்சக்கரங்களுக்குத் தனி சிலிண்டர்களும் இருப்பதன் பயன் இதிலிருந்தே விளங்கும். நாம் அந்த அளவுக்குப் போக முடியாது. ஓடும் சக்கரங்களின் துளையைச் சற்றே பெரிதாக்கி அச்சில் தாமாகச் சுழல விட்டுவிட்டு, கப்பி மட்டும் இழுக்குமாறு செய்தால் போதும். அப்படிச் செய்தால் பட்டை பாதை முழுவதும் இருக்க வேண்டும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

மோட்டார் விஷயத்தில் பொம்மைக் காரின் மோட்டாரை நம்பாதீர்கள். அது பறக்கும், இழுக்காது. ரோபோ செய்யும் மாணவர்கள் வாங்குகிற, பல்லிணைப்புப் பெட்டியோடு கூடிய 6 வோல்ட் சிறு மோட்டாரில் நிமிடத்துக்கு 100 சுற்று உள்ளதை வாங்குங்கள். 20 பல் கப்பி ஒரு சுற்றுக்கு 4 சென்டிமீட்டர் நகரும். மூன்று சிறு மின்கலங்களால், அதாவது 4.5 வோல்ட்டில் ஓட்டினால், அறுபதில் ஒரு பங்குக் கணக்கில் அது மணிக்குப் பத்து, பதினொன்று கிலோமீட்டர் வேகமாகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும் ரயிலுக்கு இதைவிடப் பொருத்தமான வேகம் இல்லை.

பாதையை வட்டமாகப் போடாதீர்கள். பலகையின் ஒரு மூலையிலிருந்து ஓரமாக வளைந்து 2.4 மீட்டர் ஏறினால் 20 சென்டிமீட்டர் உயரம் கிடைக்கும். பாலமும் குகையும் அமைக்க அது போதும். மேலே போய் நின்று, திசை மாற்றும் சுவிட்சைத் தட்டியதும் பின்னோக்கி இறங்கி வரட்டும். நிஜத்தில் உள்ளது போலவே எஞ்சினைக் கீழ்ப்பக்கத்தில் வைத்துப் பெட்டிகளை மேல்நோக்கித் தள்ள விடுங்கள். கொக்கி விட்டுப் போனாலும் பெட்டி உருண்டோடாது. ஆனால் தள்ளும்போது எடை குறைந்த பெட்டிதான் முதலில் கவிழும் என்பதால், அட்டைப் பெட்டிகளின் அடியில் இரும்பு வாஷர்களை ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: சென்ற கோடையில் பிளைவுட், தெர்மாகோல், பிளாஸ்டர் ஆகியவற்றைக் கொண்டு ஒரு மாதிரி ரயில் பாதை அமைத்தேன். ஐப்பசி மழைக்குப் பிறகு பலகை வில்லாக வளைந்து, அட்டை நிலையம் ஊதி, தண்டவாளம் கறுத்துவிட்டது. இப்போது ரயில் நின்று நின்று ஓடுகிறது. எங்கே தவறினேன்?
– கோத்தகிரி வாசகி

பதில்: கோடையில் செய்தது ஒன்றுதான் தவறு, அம்மா. நம் ஊரில் வடகிழக்குப் பருவமழையின்போது வாரக்கணக்கில் துணி காய்வதில்லை. அட்டை மட்டும் எப்படிக் காயும்? என் முதல் பலகையும் இதே கதிக்குத்தான் ஆளானது. மேல்பக்கம் மட்டும் வண்ணம் பூசி அடிப்பக்கத்தை வெறுமனே விட்டிருந்தேன். அடியில் ஈரம் ஏறி, மேலே ஏறாமல், ஒரே மாதத்தில் பலகை முதுகு வளைத்துவிட்டது. பிளைவுட்டின் இரு பக்கங்களுக்கும், முக்கியமாக அறுத்த விளிம்புகளுக்கும், இரண்டு கை வார்னிஷ் கொடுத்து, அடியில் ஓரடிக்கு ஒன்றாக ரீப்பர் கட்டைகளைத் திருகாணியால் முடுக்க வேண்டும். பழைய தேயிலைப் பெட்டிகளின் பலகை யாரிடமாவது கிடைத்தால் விடாதீர்கள். பல பருவமழைகளைப் பார்த்துவிட்ட பலகை அது.

அட்டைக் கட்டடங்களின் உள்பக்கத்துக்கும் வார்னிஷ் பூசுங்கள். மைதாப் பசையை மலையில் தொடவே வேண்டாம். பூஞ்சணமும் வெள்ளிமீன் பூச்சியும் அதற்காகவே காத்திருக்கின்றன. பழங்காலத்து பைண்டர்கள் போல அதில் மயில்துத்தம் கலக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். குழந்தைகள் கை வைக்கும் பொருளில் அந்த நஞ்சு வேண்டாம். வெள்ளை மரப்பசை போதும். தெர்மாகோலுக்கு மணம் வீசும் ரப்பர் பசைகளைப் பயன்படுத்தினால் அது உருகிக் குழியாகிவிடும்.

தண்டவாளம் கறுப்பது உலோகத்தின் மேல் படியும் படலத்தால். மின்சாரம் சக்கரத்தின் வழியாக மோட்டாருக்குப் போகும் அமைப்பில் அந்தப் படலம் ஒவ்வோர் இடத்திலும் ஓட்டத்தைத் துண்டிக்கிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் ஓடும். அடுத்த மூடுபனிக்கு மறுபடியும் துடைக்க வேண்டியிருக்கும். இதனால்தான் மேலே குன்னூர் வாசகருக்கு மின்கலத்தை எஞ்சினுக்குள்ளேயே வைக்கச் சொன்னேன். சமவெளி நண்பர்கள் இதைக் குறுக்குவழி என்று கேலி செய்வதுண்டு. அவர்கள் வீட்டுச் சுவரில் பாசி படிவதில்லை.

அந்தக் காலத்தில் அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரிய விட்டு ஈரத்தை விரட்டுவோம். தெர்மாகோல் மலைக்கு அருகில் அதைச் செய்ய வேண்டாம், தீப்பிடிக்கும், எல்.இ.டி. பல்பு சூடாவதில்லை என்பதால் பயனும் இல்லை. பலகையைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்து, பிளாஸ்டிக் தாளுக்குப் பதில் பழைய பருத்திச் சேலையால் மூடுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளி மாணவர்கள் செய்யும் மாதிரியில் தேயிலைத் தோட்டம் வேண்டும் என்கிறார்கள். பச்சை வண்ணம் தோய்த்த மரத்தூளைத் தூவினோம். புல்வெளி மாதிரி இருக்கிறதே தவிர தோட்டமாகத் தெரியவில்லை.
– கேத்தி, ஓர் ஆசிரியை

பதில்: தேயிலைத் தோட்டத்தின் அடையாளம் பச்சை நிறத்தைவிட, கவாத்து செய்து தட்டையாக நிற்கும் செடியின் தலையும் சரிவைச் சுற்றி வளைந்து போகும் வரிசையும்தான். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை விரல் நகம் அளவுக் கட்டிகளாகப் பிய்த்து, மேல்பக்கத்தை மட்டும் கத்தரியால் சமமாக வெட்டுங்கள். 60-இல் ஒரு பங்கு என்றால் செடி ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அடர் பச்சையில் முக்கி எடுத்துக் காய்ந்த பிறகு, தலையில் மட்டும் மஞ்சள் கலந்த இளம்பச்சையை ஒற்றி எடுத்தால் கொழுந்து வந்துவிடும். வரிசைகளுக்கு நடுவே ஆள் நடக்கும் வழியை விட மறவாதீர்கள்.

மண்ணுக்கு, பாலும் சர்க்கரையும் படாத டீத்தூள் சக்கையை இரும்புச் சட்டியில் ஈரம் போக வறுத்து, செங்கல் பொடி கலந்து தூவுங்கள். வறுக்காமல் போட்டால் மூன்றாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும். சில்வர் ஓக் மரத்துக்குப் பழைய மின்கம்பியின் செம்பு இழைகளை முறுக்கிக் கிளைகள் பிரித்து, அவற்றில் நார்த்துணுக்குகளை ஒட்டலாம். சோலைக்குள் போய்ப் பாசியும் மரப்பாசியும் பறித்து வரச் சொல்லும் ஆலோசனையை மாணவர்கள் எங்காவது கேட்டு வந்தால், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். வனத்திலிருந்து எதையும் எடுப்பது குற்றம்.

இன்னொன்று: எந்த இடத்தைக் காட்டுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கல்லாறு என்றால் பாக்குத் தோப்பு, அதற்கு மேல் அடர்காடு. உங்கள் கேத்தி என்றால் காய்கறி விளையும் படிக்கட்டு வயல்கள். லவ்டேல் பக்கம் கற்பூர மரமும் சீகை மரமும். பல்சக்கரப் பாதையைப் போட்டுவிட்டு அதன் அருகில் கேரட் வயலைக் காட்டினால், மலை ரயிலில் தினமும் போய் வந்தவர்கள் சிரிப்பார்கள். குன்னூருக்கு மேலே பல்சட்டமே கிடையாது.

கேள்வி: உறவினர் கொடுத்த பழைய 12 வோல்ட் ரயில் செட்டில், பாதை வளைந்து தன்னையே சந்திக்கும்படி ஒரு கண்ணி போட்டேன். கண்ணியை இணைத்தவுடன் மின்வழங்கி அணைந்துவிடுகிறது.
– கூடலூர் வாசகர்

பதில்: மின்வழங்கியில் குறையில்லை. ஒரு தண்டவாளம் நேர்மின், மற்றது எதிர்மின். கண்ணி திரும்பி வந்து சேரும் இடத்தில் இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தோடு இணைந்துவிடுவதால் குறுக்கு மின்னோட்டம் உண்டாகிறது. கண்ணியின் இரு முனைகளிலும் இரு தண்டவாளங்களையும் வெட்டி இடைவெளி விட்டு, கண்ணிக்குத் தனியாக ஒரு திசை மாற்றும் சுவிட்சு வைத்தால் சரியாகிவிடும். ரயில் முழுவதும் கண்ணிக்குள் அடங்கும் நீளம் அதற்கு இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊருக்கு ரயிலே வந்ததில்லை, கொடைக்கானல் ரோடு நிலையம்கூட அடிவாரச் சமவெளியில்தான் இருக்கிறது. ஊர் வரை ரயில் ஏறுவதாகக் கற்பனை செய்து மாதிரி அமைத்தால் அது பிழையாகுமா?
– கொடைக்கானல் வாசகர்

பதில்: இல்லாத பாதைக்கு யாரும் அளவுகோல் நீட்ட முடியாது, அந்த வகையில் நீங்கள் நீலகிரிக்காரர்களைவிடக் கொடுத்து வைத்தவர். ஏற்றம், வளைவு, பல்சட்டம் ஆகியவற்றை மட்டும் மேலே சொன்ன நியாயத்தோடு அமையுங்கள். வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு முன்னால் ஒரு பாலம் வைத்தால், பார்ப்பவர்களுக்கு ஊர் எது என்று சொல்ல வேண்டியிருக்காது. பிளாஸ்டிக் தாளின் மேல் சிலிகான் பசையைக் கோடு கோடாக இழுத்துக் காய விட்டு, உரித்து எடுத்துப் பாறையில் ஒட்டினால் நீர் விழுவது போலவே இருக்கும். அடியில் நுரைக்கு வெள்ளை மரப்பசை போதும். காய்ந்தால் கண்ணாடி போலத் தெளிந்துவிடும் அந்தப் பசை, மலை ஈரத்தில் மறுபடியும் வெளுத்துவிடுகிறது. வேறெங்கும் நமக்குத் தொல்லையாகும் அந்தக் குணம் இந்த ஓரிடத்தில் மட்டும் உதவும்.