மேக்விலானில் உள்ள விர்ச்சுவல் மெஷினை ஹோஸ்ட்டிலிருந்து மட்டும் பிங் செய்ய முடியாதது ஏன்?

ஃபயர்வாலைத் தொடாதீர்கள், கோளாறு அங்கே இல்லை. 192.168.1.50-இல் உள்ள உங்கள் விர்ச்சுவல் மெஷின் லேப்டாப்புக்குப் பதில் தந்து, அது ஓடும் சர்வருக்கு மட்டும் தராததற்குக் காரணம் மேக்விலானின் (ஒரு நெட்வொர்க் கார்டின்மேல் தனி மேக் முகவரியோடு உருவாக்கும் மெய்நிகர் இடைமுகம்) அமைப்புதான். தாய் இடைமுகத்திலிருந்து, அதாவது மேக்விலான் அமர்ந்திருக்கும் சர்வரின் நிஜ நெட்வொர்க் கார்டிலிருந்து, கிளம்பும் ஃபிரேம் (தரவுப் பொட்டலம்) நேரே கேபிளுக்குப் போய்விடும், தன்மேல் அமர்ந்த மேக்விலானுக்குத் திரும்பாது. சாதாரண ஸ்விட்சும் வந்த போர்ட்டிலேயே அதைத் திருப்பி அனுப்பாது.

உறுதிசெய்ய, சர்வரில் பிங் ஓடும்போதே நெய்பர் டேபிளைப் (எந்த ஐபி முகவரிக்கு எந்த மேக் முகவரி என்ற பட்டியல்) பாருங்கள். 192.168.1.50-க்கு நேரே ‘இன்கம்ப்ளீட்’ அல்லது ‘ஃபெயில்டு’ என்றிருந்தால் இதேதான்.

1. சர்வரில் அதே தாய் இடைமுகத்தின்மேல் இன்னொரு மேக்விலானை பிரிட்ஜ் மோடில் (ஒரே தாய் இடைமுகத்தின் மேக்விலான்கள் தமக்குள் நேரே பேசும் முறை) உருவாக்குங்கள்.
2. டிஎச்சிபி (முகவரிகளைத் தானாக வழங்கும் சேவை) வரம்புக்கு வெளியே ஒரு முகவரி கொடுங்கள். உதாரணமாக 192.168.1.240/32. பிறகு அப் செய்யுங்கள்.
3. 192.168.1.50/32-க்கு மட்டும் அதன் வழியே ரூட் போடுங்கள்.

விர்ச்சுவல் மெஷினின் இடைமுகமும் பிரிட்ஜ் மோடில் இருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் லிப்விர்ட்டில் மோடு எதையும் குறிப்பிடாவிட்டால் அது வெப்பா மோடையே (எல்லா ஃபிரேமையும் வெளி ஸ்விட்சுக்கே அனுப்பும் முறை) எடுத்துக்கொள்ளும்.

கட்டளையில் அடித்தது ரீபூட்டில் போய்விடும், லினக்ஸின் நெட்வொர்க் சேவையான சிஸ்டம்டி-நெட்வொர்க்டியின் அமைப்புக் கோப்பில் எழுதிவையுங்கள். தாய் இடைமுகம் வைஃபை என்றால் இந்த வழி பெரும்பாலும் எடுபடாது, ஆக்சஸ் பாயின்ட் கூடுதல் மேக் முகவரிகளை ஏற்காது.

மெஷின்கள் பெருகப்போகின்றன என்றால் மேக்விலானை விட்டு சாதாரண பிரிட்ஜுக்கே (சர்வருக்குள் இயங்கும் மென்பொருள் ஸ்விட்ச்) மாறிவிடலாம். ஆனால் அந்த மாற்றத்தை எஸ்எஸ்எச் வழியே செய்யாதீர்கள், சர்வரின் முகவரி கார்டிலிருந்து பிரிட்ஜுக்கு இடம்மாறும்போது இணைப்பு அறுந்துவிடும்.