ஜாமீன் கேட்டால் விசுவாசம் குறைந்துவிடுமா?

கேள்வி: பூட்டிக் கிடந்த ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குக் காவல் இருந்தவர் என் அண்ணன். அங்கிருந்த வெண்கலப் பாத்திரங்கள் திருடுபோனதாக அவரைப் பிடித்துப்போனார்கள். மதுரைச் சிறையில் ஏழு மாதமாக இருக்கிறார். அவர் எடுக்கவில்லை. “யோசேப்பு வக்கீல் வைத்தாரா? வாய் திறக்காமல் காத்திருங்கள்” என்கிறார்கள் எங்கள் ஜெபக்கூட்டத்தில். ஜாமீன் கேட்பது தவறா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: கேட்காமல் இருப்பதுதான் தவறு, சகோதரி.

விவிலியத்தில் தொடக்கநூல் 40-ஆம் அதிகாரத்தை அவர்கள் மறுபடி வாசிக்கட்டும். பொய்ப்பழியால் சிறையில் கிடந்த யோசேப்பு, தன்னோடு இருந்து விடுதலையாகப் போகிறவனிடம், தன்னைப் பற்றிப் பார்வோனிடம் சொல்லி வெளியே கொண்டுவரும்படி கேட்கிறார். சிறையில் போடும்படி தான் ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்கிறார். மனு என்பது வேறென்ன? அவன் மறந்துபோனான், இரண்டு வருடம் ஓடியது. காத்திருப்பு அங்கேதான் வருகிறது, கேட்ட பிறகு. பவுலும் அப்படித்தான். லஞ்சம் வரும் என்று ரோம ஆளுநர் பெலிக்ஸ் அவரை இரண்டு ஆண்டு செசரியாவில் அடைத்து வைத்தான். பவுல் லஞ்சம் கொடுக்கவில்லை. பிறகு சீசரிடமே மேல்முறையீடு செய்தார்.

ஓரியூர் பக்கத்தில் இருப்பதால் அங்கே கொல்லப்பட்ட மறைசாட்சி அருளானந்தரையும் உதாரணம் காட்டுவார்கள். 1693-இல் அவரைக் கொன்றது அவர் நற்செய்தி போதித்ததற்காக. அதை அவர் மறுக்க முடியுமா? உங்கள் அண்ணன் மேல் விழுந்திருப்பதோ திருட்டுப் பழி. பொய்ப்பழியைச் சுமந்துகொண்டு பேசாமல் இருப்பது மறைசாட்சியம் ஆகாது.

இனி செய்ய வேண்டியது. ரிமாண்ட் ஆன (நீதிமன்றக் காவலில் வைத்த) தேதியையும் குற்றப்பத்திரிகை தாக்கலான தேதியையும் முதலில் கேட்டு வாங்குங்கள். வீட்டுத் திருட்டுக்கு அதிகபட்சம் ஏழாண்டு தண்டனை. இப்படிப்பட்ட வழக்கில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் தானாகக் கிடைக்காது. மனு போடுவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். பல குடும்பங்கள் இழப்பது இங்கேதான். இன்றுவரை தாக்கலாகவில்லை என்றால் நாளைக்கே போடுங்கள். தாக்கலாகியிருந்தால் வழக்கமான ஜாமீன் மனு. நடுவர் மன்றம் மறுத்தால் சிவகங்கை மாவட்ட நீதிமன்றம், அங்கும் மறுத்தால் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்தால் விடச்சொல்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (BNSS) 479-ஆம் பிரிவு. ஏழாண்டுக்கு அது இரண்டு வருடம் நாலு மாதம். அதுவரை சும்மா இருக்கச் சொல்ல யாருக்கும் மனசு வரக்கூடாது.

வக்கீலுக்குப் பணமில்லையா? காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவச வக்கீல் உண்டு. சிவகங்கை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுங்கள், அல்லது 15100-க்குக் கூப்பிடுங்கள். சிறைக்குள்ளிருந்து அண்ணனே சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவும் மனு அனுப்பலாம்.

எல்லாம் செய்தும் வாய்தா மேல் வாய்தா போகலாம். அண்ணன் சோர்ந்து, “கடவுள் இருக்கிறாரா?” என்று கேட்டால் அதட்டாதீர்கள். திருமுழுக்கு யோவானே சிறையிலிருந்து, “வரவிருப்பவர் நீர்தாமா?” என்று ஆளனுப்பிக் கேட்டார். இயேசு கோபப்படவில்லை. நடப்பதைச் சொல்லி அனுப்பினார். நீங்களும் சிறைக்கு அவரைப் பார்க்கப் போகும்போது வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பிறகு சேர்ந்து ஜெபியுங்கள்.

ஜெபக்கூட்டத்தாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஜாமீன் கிடைத்த பிறகும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் இரண்டு பேர் கேட்பார்கள். ஆதார், குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீதோடு அவர்களில் இருவர் நீதிமன்றத்துக்கு வரட்டும்.