கார்ட்ரிட்ஜா, முள்ளா?

கேள்வி: அப்பா சேர்த்த எல்.பி. தட்டுகளும் தாத்தா காலத்து 78 (நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும்) தட்டுகள் கொஞ்சமும் வீட்டில் இருக்கின்றன. இப்போதெல்லாம் பாட்டில் ‘ஸ’, ‘ஷ’ வரும் இடங்களில் கரகரக்கிறது. கடையில் கேட்டால் முள்ளின் அசைவை மின் சிக்னலாக்கும் கார்ட்ரிட்ஜை மாற்றி, எம்.சி. (மூவிங் காயில்) வகை மாட்டச் சொல்கிறார்கள். மாட்டலாமா சார்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அவசரப்படாதீர்கள். எம்.சி.யிலிருந்து வரும் சிக்னல் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்கூட இருக்காது, எம்.எம். (மூவிங் மேக்னட்) வகை என்றால் 3 முதல் 5 வரை வரும், அதனால் அந்தச் சிக்னலைப் பெருக்க எம்.சி.க்கு ஏற்ற ஃபோனோ ப்ரீஆம்ப் வேறு வாங்க வேண்டியிருக்கும். முள் தேய்ந்தால் நாமே கழற்றி மாற்றவும் முடியாது. எனக்குக் கேட்டால் எம்.எம்.தான். ஆடியோ-டெக்னிகா வி.எம்.95 வரிசையில் உடல் ஒன்றுதான், முள்ளை மட்டும் உருவி வேறு முள் மாட்டலாம், 78 தட்டுக்கென்றே ஒரு முள்ளும் உண்டு. எல்.பி. முள்ளை 78இல் வைத்தால் அந்த அகலமான பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து அழுக்கைத்தான் வாசிக்கும். (உங்கள் டர்ன்டேபிளில் 78 வேகம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், புதியவை பலவற்றில் இல்லை.)

சரி, கரகரப்பு? முள் தேய்ந்திருக்கலாம். சாதாரண எலிப்டிகல் (நீள்வட்ட முனை) முள்ளுக்கு ஆடியோ-டெக்னிகா சொல்லும் ஆயுள் 300 மணி நேரம், இன்னும் நுணுக்கமாக முனை தீட்டிய மைக்ரோலைனுக்கு 1000. முள் புதிதுதான் என்றால் அது தட்டை அழுத்தும் எடையைப் பாருங்கள். தட்டு தேயக்கூடாது என்று பலர் எடையைக் குறைத்து வைக்கிறார்கள், அது தப்பு, முள் பள்ளத்தில் பிடிமானம் இல்லாமல் குதித்துத்தான் தட்டைக் கெடுக்கும். வி.எம்.95இன் எல்.பி. முட்களுக்கு 2 கிராம், சின்ன டிஜிட்டல் தராசில் அளந்தே வையுங்கள். 78 முள்ளுக்கு எடை கூடுதல், மாற்றும்போதெல்லாம் அதன் சீட்டைப் பார்த்துத் திருத்த வேண்டும். தட்டின் உள்பக்கம் போகப்போக மட்டும் கரகரப்பு கூடினால் கார்ட்ரிட்ஜ் கோணலாக உட்கார்ந்திருக்கலாம், கோணம் பார்க்கக் கோடு போட்ட புரொட்ராக்டர் தாளை வைத்து நேராக்கிவிடலாம்.

கேள்வி: முள்ளில் சேரும் தூசியை விரலால் தட்டலாமா? தட்டுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: விரலே படக்கூடாது. முள்ளுக்கென்று விற்கும் சின்ன பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்பக்கமாக மட்டும் தடவுங்கள், பக்கவாட்டில் இழுத்தால் முள்ளைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். அப்புறம் ஸ்பிரிட். 78 தட்டில் அதைத் தொடவே தொடாதீர்கள், பழைய 78கள் பெரும்பாலும் அரக்கில் செய்தவை, ஸ்பிரிட்டில் அரக்கு கரைந்துவிடும்.